ஒருமுறை சுடுவதற்கென்று பிறந்த தோட்டா

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை. துப்பாக்கி சுடும் ரேஞ்சில், சுட்ட காலிக் கூடுகளை வீட்டு மேசையில் நானே மறுபடி நிரப்பிச் செய்த தோட்டாக்களில் பன்னிரண்டாவதைச் சுட்டுவிட்டு, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை இழுத்தேன். வெளியே வந்து விழுந்தது அரை அங்குலம்கூட இல்லாத ஒரு பித்தளைக் கிண்ணம். தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் மட்டும். மீதி உடல் சேம்பருக்குள்ளேயே, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே, ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சத்தத்திலோ உதைப்பிலோ எந்த வித்தியாசமும் இல்லை. குண்டுகூட இலக்கில் சரியாகத்தான் பட்டிருந்தது. அடுத்த தோட்டாவைத் தள்ளியபோது அது பாதியில் நின்றதும்தான் புரிந்தது.

அந்தக் கிண்ணம் இப்போதும் என் மேசை மேல் இருக்கிறது. அறுந்த ஓரம், ரம்பத்தால் அறுத்ததுபோல வட்டமாக, சீராக இருக்கும். தவறு என்னுடையது. அதற்கான காரணத்தைத் தேடப் போய்த்தான் இந்தத் தோட்டாவின் வரலாற்றை உருப்படியாகப் படித்தேன். இன்றைக்கு மேசையில் என்னைத் திணறவைக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் பின்னால் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு முடிவு இருக்கிறது.

.303 பிரிட்டிஷ். ஊரில் சொல்வது த்ரீ நாட் த்ரீ. பெரியப்பா ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயில் அது ஒரே வார்த்தை, ‘த்ரீநாத்ரி’. பயிற்சி முடிந்த பிறகு வெயிலில் மண்டியிட்டுக் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிய கதையைத்தான் அவர் அதிகம் சொல்வார். சுட்டது எத்தனை, பொறுக்கியது எத்தனை என்று பதிவேட்டில் ஏறவேண்டும். “ஒண்ணு குறைஞ்சாலும் ஒருத்தனும் வீட்டுக்குப் போகமுடியாதுடா. புல்லை விலக்கி விலக்கிப் பாப்போம்.” நான் கனடா வந்து, உரிமம் எடுத்து, முதல் துப்பாக்கியாக லீ என்ஃபீல்டை வாங்கியதற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை, அந்தக் கதைகள்தான்.

1888இல் லீ மெட்ஃபோர்டு துப்பாக்கியோடு பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்த தோட்டா இது. பிரான்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பே புகையில்லாப் பவுடருக்கு மாறிவிட்டது. பிரிட்டனிடம் அப்போது சரியான புகையில்லாப் பவுடர் இல்லை. ஆகவே சிறிய விட்டமுள்ள இந்த நவீனக் கூட்டுக்குள் பழைய கருமருந்தையே அழுத்தி, நடுவில் துளைபோட்ட ஒரு வில்லையாக வைத்தார்கள். சுமார் 70 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் ஏறக்குறைய ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு) கருமருந்து, 215 கிரெய்ன் எடையுள்ள மழுங்கல் மூக்குக் குண்டு, வினாடிக்கு ஏறக்குறைய 1,850 அடி வேகம். இந்த ஏற்பாடு சில வருடம்தான் நீடித்தது.

பிறகு வந்தது கார்டைட் என்ற புகையில்லாப் பவுடர். ஃபிரெடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு வேதியியலாளர்கள் 1889இல் காப்புரிமை பெற்றது. நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, பெட்ரோலியம் ஜெல்லி 5 பங்கு. தன் புகையில்லாப் பவுடரான பாலிஸ்டைட்டைப் பார்த்துச் செய்தது இது என்று ஆல்ஃபிரட் நோபல் வழக்குப் போட்டார். அவருடைய காப்புரிமையில் ‘கரையக்கூடிய’ வகை வெடிபஞ்சு என்று எழுதியிருந்தது. கார்டைட்டில் இருந்தது கரையாத வகை. அந்த ஒரு சொல்லில் 1895இல் அவர் தோற்றார். எழுதும்போது ஒரு பெயரடையைக் கூடுதலாகப் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

போரின்போது செய்த பழைய தோட்டா ஒன்றை, குண்டைப் பெயர்க்கும் சுத்தியலால் தட்டிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளேயிருந்து பவுடர் கொட்டாது. முதலில் ஒரு சின்ன அட்டை வில்லை வரும். அதற்குப் பின்னால் பழுப்பு நிறத்தில், சேமியாவை நறுக்கிக் கட்டிவைத்ததுபோல, நீளநீளமான குச்சிகள். கழுத்தின் வாயை விடக் கட்டு தடிமன். இது எப்படி அந்தக் கழுத்து வழியாக உள்ளே போயிருக்கும் என்று நெடுநேரம் யோசித்தேன். விடை எளிது. கழுத்து வழியாகப் போகவே இல்லை. கூடு நேரான குழாயாக இருக்கும்போதே குச்சிகளைச் செருகி, அட்டையை வைத்து, அதற்குப் பிறகுதான் மேல்பகுதியை நெருக்கிக் கழுத்தாக்கியிருக்கிறார்கள். மருந்து உள்ளே இருக்க, கூட்டை அச்சில் கொடுத்து நெருக்குவது. நானாக இருந்தால் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கமாட்டேன்.

கார்டைட் பயங்கரச் சூடாக எரியும். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்க மெட்ஃபோர்டு வடிவமைத்த ஆழமில்லாத, வளைந்த தடங்களை அது அரித்துத் தள்ளியது. அதனால் என்ஃபீல்டு ஆலையில் ஆழமாக, சதுர ஓரத்தோடு ஐந்து தடங்கள் வெட்டினார்கள். லீ மெட்ஃபோர்டு 1895இல் லீ என்ஃபீல்டு ஆனது இதனால்தான். பிறகு நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து, கார்டைட் எம்.டி. என்று வேறொரு கலவை வந்தது. இதைச் செய்யக் கரைப்பானாக அசிட்டோன் வேண்டும். முதல் உலகப்போரில் அசிட்டோனுக்குப் பஞ்சம் வந்தபோது, மாவுச்சத்தை நொதிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் முறையைக் கொடுத்தவர் வைஸ்மன், பின்னால் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர். 1917இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் பைபையாகக் குதிரைச் செஸ்நட் கொட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தது இந்த அசிட்டோனுக்காகத்தான்.

குண்டின் கதையில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு, பெருமைப்படும்படியான பங்கு இல்லை. கல்கத்தா பக்கத்தில், இன்றைக்கு விமான நிலையம் இருக்கும் அதே டம் டம். அங்கிருந்த ஆயுதசாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே 1890களின் நடுவில் குண்டின் மூக்கில் ஈயம் வெளியே தெரியும்படி உலோக உறையைக் குறைத்தார். எல்லைப்புறச் சண்டைகளில் பழைய குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்பது ராணுவத்தின் புகார். மனித உடலில் பட்டதும் பூவாக விரியும் அந்தக் குண்டுக்கு எதிராக 1899இல் ஹேக் மாநாட்டில் பிரகடனம் வந்தது. ஒரு ஊரின் பெயர் உலகம் முழுவதும் ஒரு கொடுமைக்குப் பெயராகிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கும்.

இப்போது நாம் த்ரீ நாட் த்ரீ என்று நினைப்பது 1910இல் வந்த மார்க் 7. கூர்மூக்கு, 174 கிரெய்ன், வினாடிக்கு 2,440 அடி. நான் பிரித்த தோட்டாவின் குண்டை அரத்தால் நீளவாக்கில் தேய்த்துப் பார்த்தேன். செம்பு கலந்த உறைக்குள் முன்பக்கம் வெள்ளையாக அலுமினியம், பின்னால் கருத்த ஈயம். நீளம் குறையாமல் எடை மட்டும் குறையட்டும் என்று மூக்கில் லேசான பொருளை வைத்திருக்கிறார்கள். அலுமினியம் கிடைக்காத போர்க்காலத்தில் அந்த இடத்தில் மரக்கூழையும் அழுத்திய காகிதத்தையும் அடைத்தார்கள். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கையில் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள் சுட்டதும், விக்கர்ஸ், பிரென் இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டதும் இதே தோட்டாவின் வகைகள்தான்.

என் மேசைக்கு வருகிறேன். கூடு ஏன் அறுந்தது?

த்ரீ நாட் த்ரீக்கு அடியில் விளிம்பு உண்டு. சேம்பரில் தோட்டா எவ்வளவு தூரம் போய் நிற்கவேண்டும் என்பதை அந்த விளிம்புதான் முடிவு செய்கிறது, கூடு கழுத்தாகக் குறுகும் சரிவான தோள் இல்லை. ஆகவே தோளுக்கு முன்னால் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் துப்பாக்கி சுடும். போரில் இது பெரிய வசதி. சேறு, மணல், ஆளுக்கொரு ஆலையில் செய்த தோட்டா என எதுவாக இருந்தாலும் உள்ளே போகவேண்டும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் சண்டையில் கனடியப் படைக்கு நடந்ததைப் படித்தால் இதன் அருமை தெரியும். அவர்களிடம் இருந்தது ராஸ் துப்பாக்கி. இறுக்கமான சேம்பர், இலக்குச் சுடுதலில் அருமையாகச் சுடும். பிரிட்டனில் அவசரத்தில் செய்த தோட்டா அதில் சிக்கிக்கொண்டது. பூட்ஸ் காலால் போல்ட்டை உதைத்துத் திறந்தார்கள். செத்துப்போன பிரிட்டிஷ் சிப்பாயின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். 1916இல் ராஸ் முன்வரிசையிலிருந்து போய்விட்டது. லீ என்ஃபீல்டின் தாராளமான சேம்பர் அந்த ஆட்களைக் காப்பாற்றியது.

அந்தத் தாராளத்துக்கு விலை கொடுப்பது கூடு. வெடிக்கும்போது கூட்டின் மெல்லிய முன்பகுதி விரிந்து சேம்பர் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பகுதியோ பின்னால் தள்ளப்பட்டு போல்ட் முகத்தில் போய் முட்டும். நடுவில் இருக்கும் பித்தளைதான் இழுபடவேண்டும். போதாததற்கு லீ போல்ட்டின் பூட்டுக் கட்டைகள் பின்பக்கம் இருக்கின்றன, அழுத்தத்தில் போல்ட்டே கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும். ராணுவத்துக்கு இதில் கவலையே இல்லை. ஒரு கூட்டை ஒருமுறைதான் சுடுவார்கள். அதைப் பத்துமுறை சுடச்சொல்லிக் கேட்பவர்கள் நாம்தான்.

நான் செய்த தவறு இது. ஒவ்வொரு முறையும் முழு நீள டையில், அதாவது கூட்டை நெருக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சில், கூட்டை அழுத்தி, புதுத் தோட்டாவின் அளவுக்குக் கொண்டுவந்தேன். சுட்டபோது என் சேம்பரின் வடிவத்துக்கு முன்னால் நகர்ந்த தோளை மறுபடி பின்னால் தள்ளினேன். அடுத்த சுடுதலில் அது மறுபடி இழுபட்டது. கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகும்? நான்காவது சுற்றில் அறுந்தது.

இப்போது செய்வதை எழுதுகிறேன். யாராவது ஒருவருக்காவது பயன்படும்.

புதுக் கூடு வந்தால் முதல் சுடுதலுக்கு விளிம்புக்கு முன்னால் ஒரு சின்ன ரப்பர் ஓ வளையத்தை மாட்டுகிறேன். போல்ட்டை மூடும்போது வளையம் நசுங்கி, கூட்டின் அடியை போல்ட் முகத்தோடு அணைத்துப் பிடிக்கும். பின்னால் போக இடமில்லாததால் அடிப்பகுதி இழுபடாது, தோள் மட்டும் முன்னால் போய்ப் படியும். அதற்குப் பிறகு அந்தக் கூடு என் துப்பாக்கியின் அச்சு. கழுத்தை மட்டும்தான் சைஸ் செய்வேன். விளிம்பு சும்மா பிடித்திழுக்க மட்டும். தோட்டா நிற்பது தோளில். இந்தக் கூடு பக்கத்து நண்பரின் துப்பாக்கியில் போகாது, போகவேண்டிய அவசியமும் இல்லை. என்னுடையது லீ என்ஃபீல்டின் நம்பர் 4 வகை. அதில் போல்ட் தலையை 0 முதல் 3 வரை அளவு பார்த்து மாற்றலாம். அதையும் ஒரு துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்து, போல்ட்டுக்கு முன்னால் உள்ள இடைவெளியை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தேன். .064 அங்குல கேஜில் மூடவேண்டும், .074 கேஜில் மூடக்கூடாது. என்னுடையது சரியாகத்தான் இருந்தது. பழி துப்பாக்கி மேல் இல்லை.

ஒவ்வொரு சுற்றிலும் கூட்டுக்குள் பரிசோதனை. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மடக்கிக் கூராக்கி, கூட்டுக்குள் அடிவரை விட்டு சுவரோடு உரசியபடி மேலே இழுப்பேன். நல்ல கூட்டில் வழவழவென்று வரும். இழுபட்ட கூட்டில் அடியிலிருந்து சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் ‘டக்’கென்று விழும். கண்ணுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, சிலதில் மட்டும் வெளிறிய ஒரு வளையம் தெரியும். அந்த ‘டக்’கை விரல் ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு மறக்காது. உடனே இடுக்கியால் வாயை நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன், திரும்பக் கைக்கு வந்துவிடக்கூடாது.

கூடுகளில் எனக்குப் பிடித்தது அடியில் எச்.எக்ஸ்.பி. என்று பொறித்த கிரேக்க ராணுவக் கூடு. தடித்த பித்தளை, பாக்ஸர் பிரைமர். பிரைமர் என்பது ஊசி அடித்ததும் பற்றிக்கொண்டு பவுடரைக் கொளுத்தும் சின்ன மூடி. பழைய பிரிட்டிஷ், இந்தியக் கூடுகளில் பெரும்பாலும் பெர்டன் பிரைமர். அதில் நடுவில் துளை இருக்காது, இரண்டு சின்னத் துளைகள் ஓரமாக இருக்கும். நம் டையின் ஊசி அதில் முட்டி உடையும். பாக்ஸர் ஓர் ஆங்கிலேய அதிகாரி, அவர் கண்டுபிடித்த பிரைமரை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. பெர்டன் ஓர் அமெரிக்கர், அவருடையதை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. புனே பக்கம் கிர்க்கியில் செய்த கே.எஃப். பொறித்த கூடு ஒன்று என்னிடம் உண்டு. அதை நிரப்புவதில்லை, பார்க்கத்தான் வைத்திருக்கிறேன். பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்டால் அன்றைக்கே குழலில் வெந்நீர் ஊற்றவேண்டும். பிரைமரிலிருந்து வரும் உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. இதைத் தெரியாமல் கெடுத்த குழல்கள் ஏராளம்.

அடுத்து குண்டின் விட்டம். பெயரில் .303 என்று இருக்கிறதே என்று அந்த அளவில் குண்டைத் தேடக்கூடாது. அது தடங்களுக்கு இடையில் உள்ள மேட்டின் அளவு. தடத்தின் ஆழத்தில் .311இலிருந்து போர்க்காலக் குழல்களில் .315 வரை பார்க்கலாம். என்னுடையது 1943இல் டொராண்டோ பக்கம் லாங் பிராஞ்சில் செய்தது. அங்கே போர்க்காலத்திலும் பிறகும் சேர்த்து 9 லட்சத்துக்கும் மேல் நம்பர் 4 துப்பாக்கிகள் செய்தார்கள். வேகமாகச் செய்வதற்காக ஐந்து தடத்துக்குப் பதில் இரண்டே தடம் வெட்டிய குழல் என்னுடையது. ஒரு மென்மையான ஈயக் குண்டைக் குழலுக்குள் தட்டி வெளியே எடுத்து அளந்தேன். இரண்டு தடமும் எதிரெதிரே இருப்பதால் காலிப்பர் நேராகப் பிடிக்கிறது. ஐந்து தடக் குழலில் ஒரு தடத்துக்கு நேர் எதிரே மேடு வரும், சும்மா காலிப்பரில் அளந்தால் தப்பு. எனக்கு .314 வந்தது. .312 அளவில் 174 கிரெய்ன் குண்டு நன்றாகவே போகிறது.

பவுடர் அளவை இங்கே எழுதமாட்டேன். தயவுசெய்து யாரும் இணையத்தில் படித்த அளவைப் போடாதீர்கள். பவுடர் செய்யும் நிறுவனத்தின் கையேட்டை எடுத்து, ஆரம்ப அளவிலிருந்து தொடங்குங்கள். பழைய தோட்டாவிலிருந்து எடுத்த கார்டைட்டை ஒருபோதும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். நான் ஒவ்வொன்றையும் தராசில் நிறுக்கிறேன். ஐம்பது கூட்டையும் பலகையில் நிறுத்தி, விளக்கைச் சாய்த்து, எல்லாவற்றிலும் பவுடர் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டை வைக்கிறேன். அந்த நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது ஆயுதச் சட்டம் 1959இன்படி குற்றம். இதை வரலாறாக மட்டும் படியுங்கள்.

போன குளிர்காலத்தில் செய்த ஐம்பது தோட்டாக்கள் வேகமானியில் சராசரியாக 2,418 அடி காட்டின. மார்க் 7க்கு 22 அடிதான் குறைவு. அன்று சாயங்காலம் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்த செய்தியைப் படித்துவிட்டு அப்போது ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தவர் அவர். நான் காலித் தோட்டாவை நிரப்பிச் சுடுகிறேன் என்பதை அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

“சுட்ட தோட்டாவையா மறுபடி சுடுறே?”

“ஆமா பெரியப்பா. இந்தக் கூடெல்லாம் ஏழாவது தடவை.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. வயதாகிவிட்டது, கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன்.

“நாங்க எண்ணிக் குடுத்ததெல்லாம் மூட்டையா கட்டி வாங்கிட்டுப் போவானுங்க. ஒண்ணையும் கையில வச்சுப் பாத்ததில்ல.” பிறகு கேட்டார், “சரி, இன்னிக்கு எத்தனை சுட்டே?”

“அம்பது.”

“எத்தனை பொறுக்குனே?”

நாற்பத்தொன்பது. பனியில் ஒன்று புதைந்துவிட்டது. அதைச் சொன்னதும், “அப்ப வீட்டுக்கு எப்படி வந்தே?” என்றார். மறுநாள் காலை ரேஞ்சுக்குப் போய் நான் நின்ற இடத்துக்கு வலது பக்கம் பனியைக் கையால் விலக்கித் தேடினேன். நான்கடி தள்ளி, வாய் மேலே பார்த்தபடி இருந்தது. துடைத்து, கிளிப்பை விட்டு இழுத்துப் பார்த்தேன். வழவழவென்றுதான் வந்தது.